சோயாவுல இலை பழுக்குது, செடி காயுது, புள்ளி விழுது: எந்த அறிகுறிக்கு எந்தப் பூஞ்சை, என்ன பண்றது

சோயாவுல கொஞ்சம் இலை மஞ்சளானாலே உடனே வர்ற கேள்வி "என்ன மருந்து அடிக்கலாம்"ங்கறது தான். நோய் எதுன்னு தெரியாம இதுக்குப் பதில் சொல்லவே முடியாது, ஏன்னா மேலோட்டமா ஒரே மாதிரி தெரியற மஞ்சளுக்குப் பின்னாடி பூஞ்சை இருக்கலாம், பாக்டீரியா இருக்கலாம், வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ் இருக்கலாம், தண்டுக்குள்ள புழு இருக்கலாம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைஞ்சிருக்கலாம், களைக்கொல்லி பட்டிருக்கலாம். இதுல பூஞ்சைக்கொல்லிக்கு வேலை இருக்கறது பூஞ்சைக்கு மட்டும். அதுலயும் நிறைய நோய் வேர்லயும் தண்டோட அடியிலயும் உக்காந்திருக்கும், இலை மேல அடிக்கற மருந்து அங்க போய் சேராது. ஊடுருவிப் பாயற மருந்துன்னு சொல்றோமே, அதுல பெரும்பாலானது செடிக்குள்ள தண்ணி ஏறுற பாதையில மேல் நோக்கித்தான் போகும், இலையில பட்டது இலை நுனிக்குப் போகுமே தவிர வேருக்கு இறங்காது. இது ஒண்ணு புரிஞ்சாலே வீணா அடிக்கற ஸ்ப்ரே நிறைய குறையும்.

அதனால மருந்தை ஓரமா வெச்சுட்டு, கண்ணுக்கு என்ன தெரியுதோ அங்கிருந்து ஆரம்பிப்போம். உங்க வயல்ல இருக்கற அறிகுறி எந்தத் தலைப்புக்குக் கீழ வருதோ நேரா அங்க போயிடலாம், ஆனா இந்த முதல் பகுதியை மட்டும் விடாம படிச்சிடுங்க.

முதல்ல வயலைப் பாருங்க, அப்புறம் செடியை

வரப்புல நின்னு பார்த்தா பத்தாது, உள்ள இறங்கி நாலஞ்சு இடத்துல பாருங்க. பள்ளமான இடத்துல, தண்ணி தேங்கின இடத்துல மட்டும் செடி சாகுதுன்னா அது ஈரத்துல வர்ற வேரழுகல் பக்கம் போகும். மேடு, மணல்பாங்கான இடம், மண் ஆழம் இல்லாத இடத்துல முதல்ல காயுதுன்னா கரியழுகல் மேல சந்தேகம் வரணும். வயல் முழுக்க ஒரே சீரா, ஒரே நாள்ல இலை நிறம் மாறிச்சுன்னா அது அநேகமா நோயே கிடையாது, களைக்கொல்லியோ சத்துக்குறையோ தான், பூஞ்சை அப்படி கோடு போட்ட மாதிரி வராது. ஸ்ப்ரேயர் போன தடத்துல மட்டும், இல்ல பக்கத்து வயலை ஒட்டின ஓரத்துல மட்டும் இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

அடுத்து, செடியில எந்த உயரத்துல ஆரம்பிச்சுதுன்னு பாருங்க. கீழ் இலையா, நடு இலையா, மேல இருக்கற இளம் இலையா, தரையை ஒட்டின தண்டா. சோயா நோய்கள்ல பாதியை இந்த ஒரு கேள்வியே பிரிச்சுக் குடுத்துடும். கூடவே போன ரெண்டு வாரம் வானிலை எப்படி இருந்துச்சுன்னு யோசிங்க, தொடர் தூறலா, ராத்திரி பனியா, இல்ல வெயில் வாட்டுச்சான்னு.

கையில ஒரு மண்வெட்டி, ஒரு கத்தி, 10 இல்ல 20 மடங்கு பெருசா காட்டற கைலென்ஸ் இருந்தா போதும். செடியைப் புடுங்காதீங்க, தோண்டி எடுங்க. புடுங்கினா அழுகின வேர் மண்ணுக்குள்ளயே அறுந்து நின்னுடும், மிச்சம் இருக்கற நல்ல வேரைப் பார்த்துட்டு வேர்ல ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணிடுவோம். எடுத்த செடியோட தண்டை அடியில இருந்து நீளவாக்குல பிளந்து பாருங்க, சாகற செடி ஒண்ணு, பக்கத்துல நல்லா இருக்கற செடி ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு.

இலைப்புள்ளியில சந்தேகம் இருந்தா இன்னொரு வழி இருக்கு, அதைப் பெருசா யாரும் செய்யறதில்ல. புள்ளி உள்ள இலையை ஈரமான டிஷ்யூ பேப்பரோட ஜிப் கவர்ல போட்டு, கொஞ்சம் காத்து விட்டு மூடி, வெயில் படாத இடத்துல ஒரு நாள் ரெண்டு நாள் வைங்க. பூஞ்சையா இருந்தா நிறைய நேரம் புள்ளி மேல வித்துக்கள் முளைச்சு லென்ஸ்ல தெரியும். பாக்டீரியா புள்ளியில அப்படி எதுவும் முளைக்காது.

விதை முளைக்கல, இல்ல முளைச்சு சாயுது

முளைக்காத இடத்துல மண்ணைக் கிளறி விதையை எடுங்க. விதை கூழா அழுகி இருந்தா, மண்ணும் குளிர்ச்சியா சொதசொதன்னு இருந்தா பித்தியம்ங்கற மண் கிருமின்னு எடுத்துக்கலாம். முளைச்சு ரெண்டு இலை விட்ட அப்புறம் சாயுற நாத்துல, தரையை ஒட்டின தண்டுல செங்காவி நிறத்துல உள்வாங்கின புண் இருந்தா அது ரைசோக்டோனியாங்கற மண் பூஞ்சை. புண் செம்பழுப்பா, காஞ்ச மாதிரி இருக்கும், பித்தியம் மாதிரி ஈரமா வழவழன்னு இருக்காது. விதையிலையில கருப்பா பள்ளம் விழுந்த புள்ளி இருந்தா விதையோடவே வந்த ஆந்த்ராக்னோஸ்ங்கற பூஞ்சை நோய். விதை கெட்டியா அப்படியே இருந்து, மேல மண் ஓடு மாதிரி இறுகி இருந்தா நோய் இல்ல, மழை பெஞ்சு இறுகின மண்ணு முளையைத் தடுத்திருக்கு.

சாய்ஞ்ச நாத்தை எந்த ஸ்ப்ரேயும் காப்பாத்தாது. செடி எண்ணிக்கை தாங்குதான்னு பாருங்க, சோயா கிளை விட்டு இடைவெளியை ஓரளவு நிரப்பிடும், அதனால அங்கங்க போனதுக்கெல்லாம் பதற வேண்டாம். பெரிய திட்டா போயிருந்தா தண்ணியை வடிச்சு, மண் கொஞ்சம் சூடானதும் நேர்த்தி பண்ணின விதையை மறுபடி போடுங்க.

விதை நேர்த்தியில தான் நிறைய பேருக்கு குழப்பம். கார்பாக்சின், திரம் கலந்தது ரைசோக்டோனியாவுக்கும் விதை மேல ஒட்டி வர்ற பூஞ்சைக்கும் நல்லா கேக்கும். ஆனா பித்தியமும் பைட்டாப்தோராவும் உண்மையான பூஞ்சை வகையே இல்ல, நீர்ப்பூஞ்சைன்னு தனி கூட்டம், கார்பாக்சினோ கார்பன்டாசிமோ அதுங்களை ஒண்ணும் செய்யாது, அதுக்கு மெட்டலாக்சில் வகை வேணும். தண்ணி நிக்கற களிமண் வயல்ல வருஷா வருஷம் நாத்து போகுது, விதை நேர்த்தி பண்ணியும் போகுதுன்னு சொல்றவங்க டப்பால என்ன மருந்து இருக்குன்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க, நிறைய நேரம் காரணம் அங்கதான் இருக்கும்.

நேர்த்தி பண்ற வரிசையும் முக்கியம்: முதல்ல பூஞ்சைக்கொல்லி, அப்புறம் பூச்சிக்கொல்லி, கடைசியா ரைசோபியம். ரைசோபியம் உயிருள்ள பாக்டீரியா, அது சோயா வேர்ல முடிச்சு போட்டாதான் பயிருக்கு தழைச்சத்து கிடைக்கும், அதனால அதை விதைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிழல்ல கலந்து, அன்னைக்கே விதைச்சிடணும். நோய்ப் பூஞ்சையை அடக்கற டிரைக்கோடெர்மா போடறவங்க அதை ரசாயன பூஞ்சைக்கொல்லியோட ஒண்ணா கலக்காதீங்க, அதுவும் ஒரு பூஞ்சை தானே, கூட இருக்கற மருந்தே அதைக் கொன்னுடும். மக்கின சாணத்துல பெருக்கி மண்ணுல போடறது அதுக்கு நல்ல வழி.

வளர்ந்த செடி திடீர்னு வாடி நிக்குது

இது தான் மனுஷனை ரொம்பக் கலங்க வைக்கற அறிகுறி, நேத்து பச்சையா இருந்த செடி இன்னைக்குத் தொங்கும். இங்க மருந்து பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி தண்டோட அடிப்பகுதியைத் துடைச்சுப் பாருங்க, ஏன்னா விடை கிட்டத்தட்ட எப்பவும் அங்கதான்.

தரையை ஒட்டி வெள்ளையா நூல் நூலா விசிறி மாதிரி படர்ந்து, அதுல கடுகு சைஸ்ல உருண்டை உருண்டையா, இளசா இருந்தா வெள்ளையா, முத்தினா பழுப்பா இருந்துச்சுன்னா அது ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி, கழுத்தழுகல். சூடும் ஈரமும் சேர்ந்தா வரும், அரைகுறையா மக்கின குப்பை மேல் மண்ணுல இருந்தா அதைத் தின்னு பலமாகி செடிக்குத் தாவும். அந்தக் கடுகு உருண்டைங்க தான் அடுத்த வருஷத்துக்கான விதை மாதிரி மண்ணுல கிடக்கும். செடியை சுத்தி இருக்கற மண்ணோட அள்ளி வயலுக்கு வெளிய கொண்டு போங்க, செடியை மட்டும் புடுங்கினா உருண்டை எல்லாம் அங்கயே உதிரும். அறுவடைக்கு அப்புறம் மண்ணைப் புரட்டிப் போட்டு ஆழ உழறது இந்த நோய்க்கு நல்லா கைகொடுக்கும், ஆழத்துல புதைஞ்ச உருண்டைக்கு முளைக்கத் தெம்பு இருக்காது.

தண்டுல தரையில இருந்து ஆரம்பிச்சு கரும்பழுப்பு நிறம் இடைவெளி விடாம மேல ஏறி, ரெண்டு மூணு கணு தாண்டி நின்னா, வேரும் அழுகி, வாடின இலை உதிராம செடியிலயே தொங்குச்சுன்னா பைட்டாப்தோரா சோஜே. மழை தேங்கின ஒரு வாரம் ரெண்டு வாரத்துல தெரியும். இதை அதே மாதிரி தெரியற தண்டு கான்கர் நோயோட குழப்பிக்காதீங்க, அது கணுவுல இருந்து ஆரம்பிக்கும், புண்ணுக்குக் கீழயும் பச்சை இருக்கும் மேலயும் பச்சை இருக்கும். பைட்டாப்தோராவுக்கு கீழ பச்சையே இருக்காது. இதோட வித்துக்கள் மண்ணுல வருஷக்கணக்குல உயிரோட கிடக்கும், அதனால பயிர் சுழற்சியை மட்டும் நம்ப முடியாது. எதிர்ப்பு ரகம், வடிகால், விதையில மெட்டலாக்சில், இந்த மூணும் சேர்ந்தாதான் தாக்குப் பிடிக்கும். விதை மருந்து முதல் சில வாரத்துக்கு மட்டும்தான் காவல், அதுக்கப்புறம் ரகம்தான் காப்பாத்தணும். எதிர்ப்பு ரகமும் காலத்துக்கும் நிக்காது, ஒரே எதிர்ப்பு ஜீன் உள்ள ரகத்தை வருஷக்கணக்கா போட்டா அதை மீறுற வகை அந்த மண்ணுல பெருகிடும்.

மூணாவது கரியழுகல், மேக்ரோஃபோமினா. இதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா பெரும்பாலும் இதை வறட்சின்னு நினைச்சு விட்டுடறாங்க. பூவுக்கு அப்புறம், காய் பிடிக்கற நேரத்துல, வெயில் வாட்டி மண்ணு காயும்போது செடி மெதுவா சோர்ந்து, இலை மஞ்சளாகி காஞ்சு, அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும். தண்டோட அடித்தோலை நகத்தால சுரண்டுங்க, உள்ள சாம்பல் வெள்ளி நிறம் தெரியும், அதுல கரித்தூளைத் தூவின மாதிரி பொடிப்பொடியா கருப்பு. ஆணிவேரைப் பிளந்தா உள்ளயும் அந்தக் கரும்பொடி கோடு கோடா இருக்கும். அந்தப் பொடி ஒவ்வொண்ணும் பூஞ்சையோட உறங்கற வித்து, காஞ்ச மண்ணுல ரெண்டு வருஷத்துக்கு மேலயும் தாங்கும். பூஞ்சை செடிக்குள்ள நுழையறது நாத்து பருவத்துலயே, ஆனா செடிக்கு தண்ணி கஷ்டம் வர்ற வரைக்கும் சத்தம் போடாம இருக்கும், மண்ணு 28ல இருந்து 35 டிகிரிக்கு சூடாகும்போது தலை தூக்கும்.

கரியழுகலுக்கு இலை மேல அடிச்சு கேக்கற மருந்து கிடையாது, யாராவது இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க. செய்யக்கூடியது எல்லாம் செடியோட தண்ணி கஷ்டத்தைக் குறைக்கறது தான். பாசனம் இருந்தா காய் பிடிக்கும்போதும் மணி பிடிக்கும்போதும் மண்ணு காயாம ஒரு தண்ணி விடுங்க. செடி நெருக்கத்தைக் குறைங்க, அதிக விதை போட்டா ஒரே ஈரத்துக்கு எல்லா செடியும் போட்டி போட்டு எல்லாமே சோரும். மண்ணுல மக்கு சேர்த்தா ஈரம் நிக்கும். இந்தப் பூஞ்சை 500 வகைச் செடிக்கு மேல தாக்கும், மக்காச்சோளம் சோளத்துலயும் இருக்கும், ஆனா தானியப் பயிர் ஒண்ணு ரெண்டு வருஷம் இடையில வந்தா மண்ணுல அந்தக் கரும்பொடி அளவு குறையும், சோயாவுக்கு அப்புறம் சோயா போட்டுக்கிட்டே போனா ஏறிக்கிட்டே போகும்.

தண்டைப் பிளந்தப்ப உள்ள வளைஞ்சு வளைஞ்சு செந்நிறச் சுரங்கமும் புழுவும் இருந்தா அது தண்டு ஈ. தண்டுல ரெண்டு வளையம் வெட்டின மாதிரி இருந்து அதுக்கு மேல மட்டும் வாடியிருந்தா வளைய வண்டு. ரெண்டுக்கும் பூஞ்சைக்கொல்லி அடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

நரம்பு பச்சையா இருக்கு, நடுவுல மட்டும் மஞ்சளாகி கருகுது

மேல் இலையில நரம்பை ஒட்டி பச்சை நின்னு, நரம்புக்கு நடுவுல மஞ்சளாகி அப்புறம் பழுப்பாகி, இலை உதிர்ந்தும் காம்பு மட்டும் செடியில நின்னா திடீர் சாவு நோயா இருக்கலாம். ஃபியூசேரியம் வகை பூஞ்சை வேர்ல இருந்துக்கிட்டு நஞ்சை மேல அனுப்பறதால வர்றது. 1971ல அமெரிக்காவுல அர்கன்சாஸ்ல முதல்ல கவனிச்சாங்க, இப்பவும் வட, தென் அமெரிக்காவுல தான் பெரிய தலைவலி. இலை அறிகுறி இதே மாதிரி பழுப்புத் தண்டழுகலுக்கும் வரும், அதனால தண்டைப் பிளந்து நடுவுல இருக்கற சோத்துப் பகுதியைப் பாருங்க: வெள்ளையா இருந்தா திடீர் சாவு, பழுப்பா இருந்தா பழுப்புத் தண்டழுகல். இலையில தெரிஞ்ச அப்புறம் ரெண்டுக்கும் மருந்து இல்ல, அடுத்த பயிருக்கு ரகம் மாத்தறதும் வேர்ல நூற்புழு இருக்கான்னு மண் பரிசோதனை பண்றதும் தான் வேலை, நூற்புழு இருக்கற வயல்ல திடீர் சாவு இன்னும் மோசமா அடிக்கும்.

இளம் இலையில நரம்பு பச்சை, மத்ததெல்லாம் வெளுத்து, ஆனா கருகலே இல்ல, மண்ணும் சுண்ணாம்பு மண்ணுன்னா இரும்புச் சத்து குறை. பளிச்சுன்னு மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டா கலந்திருந்தா மஞ்சள் தேமல் வைரஸ். இலை ஓரத்துல மட்டும் மஞ்சள் வரிஞ்சு கட்டின மாதிரி இருந்தா சாம்பல் சத்து.

இலையில புள்ளி

கீழ் இலையில ஆரம்பிச்சு, கோணல் மாணலா பழுப்புப் புள்ளி, சுத்தி மஞ்சளாகி கீழ் இலை உதிர்ந்தா செப்டோரியா பழுப்புப்புள்ளி. மழைத்துளி தெறிச்சு மண்ணுல கிடக்கற பழைய சருகுல இருந்து ஏறும். பார்க்க பயமா இருந்தாலும் கீழ் மூணு நாலு இலையோட நின்னுட்டா மகசூல்ல பெருசா ஒண்ணும் ஆகாது. காய் முத்தற நேரத்துல கீழ் இலை இயல்பாவே பழுக்கும், அதுக்கும் ஸ்ப்ரே தேவையில்ல.

மேல் இலையில வட்டமா, நடுவுல சாம்பல், ஓரத்துல செவ்வூதா கோடு, சுத்தி மஞ்சள் வளையம் இல்லன்னா தவளைக்கண் புள்ளி, செர்க்கோஸ்போரா சோஜினா. இளம் இலையைத்தான் எளிதா பிடிக்கும், அதனால மழை வந்தப்போ விரிஞ்ச இலையில புள்ளி, காஞ்ச நாள்ல விரிஞ்ச இலையில இல்ல, அப்படி அடுக்கு அடுக்கா தெரியும். இது மகசூலைக் கடிக்கற நோய். ஸ்ட்ரோபிலுரின் குரூப் மருந்துக்கு எதிர்ப்பு வந்த வகை 2010ல அமெரிக்காவோட டென்னசியில கண்டுபிடிச்சாங்க, அப்புறம் மத்த மாநிலங்களுக்கும் பரவிடுச்சு, அதனால அந்த குரூப்ல இருக்கற அசாக்சிஸ்ட்ரோபின் மட்டும் தனியா அடிச்சு நம்பி இருக்காதீங்க.

பெரிய வட்டம், உள்ள வளையம் வளையமா, வெளிய மஞ்சள் ஒளிவட்டம்னா இலக்குப்புள்ளி, கோரினெஸ்போரா. அடர்ந்த பயிரோட உள்பக்கம்தான் ஆரம்பிக்கும். வெயில் படற மேல் இலை மட்டும் தோல் மாதிரி தடிச்சு ஊதாவும் வெண்கல நிறமுமா மாறினா செர்க்கோஸ்போரா கருகல், அந்தப் பூஞ்சை விடற நஞ்சு வெளிச்சம் பட்டாத்தான் வேலை செய்யும், அதான் நிழல்ல இருக்கற இலை பச்சையாவே இருக்கும்.

இப்போ துருநோய். சோயா நோய்கள்ல இவ்வளவு வேகமா வயலை மொட்டையாக்கறது இன்னொண்ணு இல்ல, கவனிக்காம விட்டா 80 சதவீதம் வரைக்கும் மகசூல் போன இடங்கள் இருக்கு. ஃபேக்கோப்சோரா பாக்கிரைசின்னு பேரு. பூ விடற சமயத்துல கீழ் இலை, நடு இலையைப் பறிச்சுத் திருப்பிப் பாருங்க, மேல்பக்கம் இல்ல, அடிப்பக்கம். ஊசி முனை அளவுக்கு செம்பழுப்பா புள்ளி, லென்ஸ்ல பார்த்தா புள்ளி மேல சின்ன மேடு, அந்த மேட்டுக்கு உச்சியில ஓட்டை, ஓட்டையில இருந்து வெளிர் பழுப்புப் பொடி. அந்த ஓட்டையும் பொடியும் தான் அடையாளம். பாக்டீரியா கொப்புளத்துலயும் அடிப்பக்கம் மேடு இருக்கும், ஆனா அது வெடிச்சு கீறல் விடுமே தவிர வட்ட ஓட்டை, பொடி எதுவும் இருக்காது, புள்ளியைச் சுத்தி மஞ்சளும் இருக்கும். பாக்டீரியாவுக்கு ட்ரையசோல் மாதிரி பூஞ்சைக்கொல்லி அடிச்சா காசு தண்ணியில போன மாதிரி தான். சந்தேகம் தீரலன்னா மேல சொன்ன ஜிப் கவர் வழி இங்க தான் ரொம்ப உதவும்.

துரு வித்து காத்துல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகும். 2004 நவம்பர்ல அமெரிக்காவோட லூசியானாவுல கண்டுபிடிச்சப்போ, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வீசின ஐவன் புயல் தான் தென் அமெரிக்காப் பக்கத்துல இருந்து தூக்கிட்டு வந்திருக்கும்னு கணிச்சாங்க. இலையில ஆறு மணி நேரம் ஈரம் நின்னா போதும், 15ல இருந்து 28 டிகிரி இருந்தா உள்ள நுழைஞ்சிடும், ஒரு வாரம் பத்து நாள்ல புது வித்து கிளம்பிடும். அதான் இன்னைக்கு ஒரு இலையில பார்த்துட்டு அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு விடக்கூடாது. ஆனா இதுக்கு ஒரு பலவீனம் இருக்கு, பச்சை இலை இல்லாம உயிர் வாழாது, சருகுல மண்ணுல எல்லாம் தங்காது. பிரேசில்ல 2006ல மாட்டோ குரோசோ மாதிரி மாநிலங்கள்ல ஆரம்பிச்சு, வருஷத்துல ரெண்டு மூணு மாசம் வயல்ல ஒரு சோயா செடி கூட நிக்கக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. அறுவடைக்கு அப்புறம் தானா முளைச்சு நிக்கற சோயாவை அழிக்கறது எங்க இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை, நீங்க மட்டும் இல்ல, சுத்தி இருக்கறவங்களும் சேர்ந்து.

வெள்ளையா படிஞ்சிருக்கு

இலையோட மேல்பக்கம் மாவு தூவின மாதிரி, விரலால தேய்ச்சா வருதுன்னா சாம்பல் நோய். மழை இல்லாத, கொஞ்சம் குளிர்ச்சியான நாள்ல வரும், நல்ல மழை பெஞ்சாலே கழுவிட்டுப் போகும். நனையும் கந்தகம் போதும், ஆனா உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகும், 32 டிகிரிக்கு மேல இருந்தா தள்ளிப் போடுங்க.

மேல்பக்கம் வெளிர்மஞ்சள் புள்ளி, அதே இடத்துல அடிப்பக்கம் காலையில மட்டும் சாம்பல் ஊதாவா பஞ்சு தெரிஞ்சா அடிச்சாம்பல் நோய். பெரும்பாலும் பயமில்ல, விட்டுடலாம்.

தண்டுல, காய்ல பஞ்சு வெச்ச மாதிரி அடர்த்தியா வெள்ளை, அந்தப் பஞ்சுக்குள்ளயும் தண்டுக்குள்ளயும் எலிப்புழுக்கை மாதிரி கருப்புக் கட்டிங்க இருந்தா வெள்ளைப் பூஞ்சணம், ஸ்கிளிரோட்டினியா. கழுத்தழுகல் தரையை ஒட்டி வரும், இது பூ இருக்கற நடுத்தண்டுல வரும், அதுக்கு கடுகு, இதுக்கு புழுக்கை, இப்படி ஞாபகம் வெச்சா மாறாது. குளிர்ச்சி, ஈரம், மூடின பயிர் மூணும் சேரணும். மண்ணோட மேல் 5 சென்டிமீட்டர்ல கிடக்கற கட்டியில இருந்து குட்டிக் காளான் முளைச்சு, அதுல இருந்து வித்து பறந்து, உதிரப்போற பூவிதழ்ல தான் முதல்ல குடியேறும். அதனால பூ ஆரம்பிக்கும்போதே, நோயைக் கண்ணால பார்க்கறதுக்கு முன்னாடியே அடிச்சாத்தான் பலன், பஞ்சைப் பார்த்த அப்புறம் அடிக்கறது தாமதம். போன வருஷம் வந்த வயல்ல இந்த வருஷம் வரிசை இடைவெளியைக் கூட்டுங்க, சூரியகாந்தி, பீன்ஸ், கடுகு வகைக்குப் பதிலா தானியம் போட்டு சுத்துங்க, நோய் இருக்கற வயலைக் கடைசியா அறுவடை பண்ணுங்க, இல்லன்னா மெஷின்ல கட்டி ஒட்டி மத்த வயலுக்குப் போகும்.

இலைங்க வெந்நீர் ஊத்தின மாதிரி வெந்து, ஒண்ணோட ஒண்ணு சிலந்தி வலை மாதிரி நூலால ஒட்டியிருந்தா ரைசோக்டோனியா இலைக்கருகல். சூடான புழுக்கத்துல, நெருங்கின பயிர்ல ஒரு வாரத்துல திட்டுத்திட்டா காலி பண்ணும், இதுக்கு பார்த்த உடனே ஸ்ப்ரே அடிக்கணும்.

காய், விதையில தெரியறது

காய்ல ஒழுங்கில்லாத கரும்புள்ளி, லென்ஸ்ல பார்த்தா குட்டிக்குட்டி கருமுள், இலை நரம்பும் அடிப்பக்கம் கருத்து, காம்பு கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா ஆந்த்ராக்னோஸ். இளம் காயைத் தாக்கினா காய் உதிரும், இல்ல உள்ள மணியே இருக்காது. முத்தின தண்டுல கரும்புள்ளி நேர்கோட்டுல வரிசை கட்டி நின்னா, விதையும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து சுருங்கி வெடிச்சிருந்தா டயபோர்த்தே காய்க்கருகல். விதையில ஊதாக் கறைன்னா செர்க்கோஸ்போரா கிகுச்சி. இதுல காய்க்கருகலை முடுக்கி விடறது பெரும்பாலும் அறுவடை தாமதம் தான், காய் காஞ்சு நிக்கும்போது மழை பெஞ்சா ஒவ்வொரு நாளும் விதை கெடும். விதைக்குன்னு விட்ட வயலை முதல்ல அறுங்க. ஊதாவும் சுண்ணாம்பும் நிறைய இருக்கற விதையை விதைக்கு வைக்காதீங்க, 100 விதையை ஈரத்துணியில சுத்தி வெச்சு எத்தனை முளைக்குதுன்னு எண்ணிப் பாருங்க.

அடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா

பெரும்பாலான இலை நோய்க்கும் காய் நோய்க்கும் நல்ல நேரம் ஆர்3ங்கற வளர்ச்சிப் பருவம், அதாவது மேல் நாலு கணுவுல ஒண்ணுல காய் அரை சென்டிமீட்டர் நீளம் வந்த நேரம். வெள்ளைப் பூஞ்சணத்துக்கு ஆர்1, முதல் பூ. துருவுக்கு ஆர்3 வரைக்கும் காத்திருக்காதீங்க, அக்கம்பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சு உங்க பயிர் பூ விட்டிருந்தா அடிச்சிடணும். மணி முழுசா நிரம்பின ஆர்6க்கு அப்புறம் அடிக்கறதுல பலன் இல்ல, அறுவடைக்கு முன்னாடி எத்தனை நாள் இடைவெளி விடணும்னு லேபிள்ல இருக்கறதையும் அப்போ மீற வேண்டி வரும்.

மருந்து பேரை விட, அது பூஞ்சையை எந்த வழியில தாக்குதுன்னு காட்டற குரூப் நம்பர் முக்கியம், லேபிள்லயே போட்டிருப்பாங்க. ட்ரையசோல் 3, ஸ்ட்ரோபிலுரின் 11, ஃப்ளக்சாபைராக்சாட் மாதிரியானது 7. ரெண்டு வேற பிராண்ட் வாங்கி மாத்தி மாத்தி அடிச்சும் ரெண்டுலயும் 11 தான் இருந்துச்சுன்னா மாத்தினதாவே கணக்கில்ல. பிரேசில்ல துருவுக்கு எதிரா இந்த மூணு குரூப்புமே பழைய பலத்தை இழந்துடுச்சு, அதனால மாங்கோசெப் மாதிரி பல இடத்துல தாக்கற பழைய மருந்தைக் கூட சேர்த்து அடிக்கறாங்க. மாங்கோசெப் இலை மேல மட்டும் நிக்கும், பட்ட இடத்துல மட்டும் காக்கும், மழையில கழுவும், அதனால நோய் உள்ள நுழையறதுக்கு முன்னாடி இருக்கணும். கார்பன்டாசிமை எல்லாத்துக்கும் கலந்து அடிக்கற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, துருவுக்கு அது சுத்தமா ஆகாது.

கீழ் இலை நனையலன்னா மருந்து எதுவா இருந்தாலும் தோல்விதான். வரிசை மூடின அப்புறம் தண்ணி அளவைக் கூட்டி, நாசில் அடைப்பு பார்த்து, அடிச்ச பத்து நிமிஷத்துல உள்ள போய் கீழ் இலையைத் திருப்பிப் பாருங்க. சொட்டச் சொட்ட ஊத்தவும் வேண்டாம், வழிஞ்சு மண்ணுக்குப் போனது செடிக்கு இல்ல. ஒரு ஓரத்துல நாலு வரிசையை அடிக்காம விட்டு வைங்க, மருந்து வேலை செஞ்சுதா, இல்ல வானிலை மாறி நோய் தானா நின்னுச்சான்னு தெரிஞ்சுக்க வேற வழியே இல்ல.

எதுவும் பொருந்தலன்னா

ஒரே செடியில ரெண்டு மூணு நோய் சேர்ந்து இருக்கறது சோயாவுல சாதாரணம், அதனால படம் பார்த்து முடிவு பண்ண முடியாம போகும். அப்போ ஆய்வகத்துக்கு அனுப்புங்க. முழுசா செத்த செடியை எடுக்காதீங்க, அதுல மக்க வைக்கற வேற பூஞ்சை எல்லாம் ஏறி நிஜ நோயை மறைச்சிடும். பாதி வாடின செடி நாலஞ்சு, நல்ல செடி ஒண்ணு, வேரும் ஒட்டின மண்ணும் சேர்த்து தோண்டி, வேரை மட்டும் தனி கவர்ல கட்டி, மேல இலைப்பகுதியை காஞ்ச காகிதத்துல சுத்தி அனுப்புங்க. தண்ணி தெளிக்க வேண்டாம், வழியிலயே அழுகிடும். கூட ஒரு தாள்ல ரகம், விதைச்ச தேதி, இப்போ எந்தப் பருவம், வயல்ல எங்க ஆரம்பிச்சுது, இதுவரைக்கும் களைக்கொல்லி உட்பட என்னென்ன அடிச்சீங்க, போன வருஷம் அந்த வயல்ல என்ன பயிர்னு எழுதி வைங்க.